ஹை-டெக் மீட் மேனேஜர்: போட்டி மேசையில் எவ்வளவு தாங்கும்?

நீச்சல் மீட் நடத்துகிற எந்தக் கிளப்பும் ஒரு கட்டத்தில் எக்செல் கோப்பை மூடிவைத்துவிட்டு இந்த மென்பொருள் பக்கம் வந்து நிற்கும். அமெரிக்காவில் பள்ளி மீட்டிலிருந்து பல்கலைக்கழகப் போட்டி வரை பெரும்பாலும் இதுதான் ஓடுகிறது. மற்ற நாட்டு ரிசல்ட் தாள்களிலும் பக்கத்தின் தலையில் 'ஹை-டெக்ஸ் மீட் மேனேஜர்' என்று சின்ன எழுத்தில் இருப்பதை நீச்சல் வீட்டுப் பெற்றோர் பலர் பார்த்திருப்பார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டச் பேட் (கை பட்டதும் நேரத்தைப் பதிவுசெய்கிற சுவர்ப் பலகை) உள்ள குளம், இருநூறு முந்நூறு பிள்ளைகள், இரண்டு நாள் போட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். எண்பது பிள்ளைகள், கையில் ஸ்டாப்வாட்ச், அரை நாளில் முடிகிற பள்ளி மீட் என்றால் இது தேவையில்லை; கற்றுக்கொள்கிற நேரத்தில் போட்டியே முடிந்துவிடும். இந்த மென்பொருளின் அருமை எல்லாம் ஒழுங்காகப் போகும்போது தெரியாது. பேட் வேலை செய்யவில்லை, ஒருவர் தவறான லேனில் குதித்துவிட்டார், பைனலிலிருந்து மூன்று பேர் விலகிவிட்டார்கள் என்று மேசை கலங்கும்போதுதான் காசுக்கு மதிப்புத் தெரியும். ஆனால் நீங்கள் ஆரம்பத்தில் நிரப்பிய அமைப்பில் தப்பு இருந்தால் அது எச்சரிக்காது. சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு, குளக்கரையில் நூறு பேர் முன்னால் உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

விண்டோஸில் மட்டுமே ஓடும். மேக் வைத்திருப்பவர்கள் தனியாக ஒரு விண்டோஸ் மடிக்கணினி தேடிக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே இருப்பது மைக்ரோசாஃப்ட் அக்செஸ் தரவுத்தளம். திரையின் முகமும் அந்தக் காலத்து முகம்தான். மேலே செட்-அப், ஈவென்ட்ஸ், அத்லெட்ஸ், ரிலேஸ், டீம்ஸ், சீடிங், ரன், ரிப்போர்ட்ஸ் என்று வரிசையாக மெனு. அழகு பார்க்கிறவர்களுக்குப் பிடிக்காது. ஆனால் அந்த வரிசையே போட்டி நடக்கிற வரிசை. இடமிருந்து வலமாகப் போனால் மீட் முடிந்துவிடும்.

செட்-அப்: பாதிப் போட்டி இங்கேதான்

மீட்டின் பெயரும் தேதியும் நிரப்பும் அதே திரையில் வயதுக் கணக்குத் தேதி என்று ஒரு கட்டம் உண்டு. புதியவர்கள் அதைத் தொடாமல் தாண்டிவிடுவார்கள். அமெரிக்கக் கிளப் போட்டிகளில் மீட்டின் முதல் நாளன்று உள்ள வயதுதான் கணக்கு. உலக நீச்சல் சம்மேளனமான வேர்ல்டு அக்வாடிக்ஸ் வழியில் அந்த வருடம் டிசம்பர் 31 அன்று ஆகிற வயது. ஜூலையில் மீட், பிள்ளைக்கு அக்டோபரில் பிறந்தநாள் என்றால் இரண்டு கணக்கிலும் இரண்டு வேறு வயது, பிரிவே மாறிவிடலாம். தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டால் என்ட்ரி உள்ளே வரும்போதே வயது பொருந்தாதவர்கள் என்று நீளமான பட்டியல் வரும். அதைப் பார்த்ததும் 'மென்பொருளில் கோளாறு' என்று நினைத்து வயதுப் பிரிவுகளைத் தளர்த்திவிடுகிறவர்கள் உண்டு. கோளாறு அந்தக் கட்டத்தில்தான் இருக்கும்.

அடுத்தது குள நீளம். 50 மீட்டருக்கு எல், 25 மீட்டருக்கு எஸ், 25 கெஜத்துக்கு ஒய் என்று ஒவ்வொரு நேரத்தின் வாலிலும் ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். 50 மீட்டர் குளத்துப் போட்டிக்கு எல்-எஸ்-ஒய் என்று வரிசை கொடுத்தால், எல் நேரம் உள்ளவர்கள் எல்லோரும் முதலில், எஸ் நேரம் உள்ளவர்கள் அவர்களுக்குப் பின்னால் என்று அடுக்கும். இதைக் கோச்சுகளுக்கு அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். 25 மீட்டரில் 58 விநாடி வைத்திருக்கும் பையன் 50 மீட்டரில் 1:10 வைத்திருப்பவனுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்தால் எந்தக் கோச்சும் மேசைக்கு வந்து சண்டை போடத்தான் செய்வார். எல்லா நேரத்தையும் ஒரே குள நீளத்துக்கு மாற்றிக் கணக்கிட்டு அடுக்கச் சொல்லவும் வழி உண்டு. எதைச் செய்தாலும் ஒன்றையே செய்யுங்கள்.

ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் 'ஹீட்ஸ்-பைனல்' அல்லது 'டைம்டு பைனல்' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஹீட் என்பது ஒன்றாகக் குதித்து நீந்துகிற ஒரு குழு; டைம்டு பைனல் என்றால் பைனல் தனியாகக் கிடையாது, ஹீட் நேரத்தை வைத்தே பதக்கம். சாதாரணத் தேர்வுபோலத் தோன்றும். ஹீட் அடுக்குகிற முறையே இதில்தான் மாறுகிறது. கீழே வருகிறேன்.

பெயர்கள்: நம் ஊருக்கே உரிய தலைவலி

என்ட்ரிகளை அணிகளிடமிருந்து கோப்பாக வாங்குவதுதான் சரியான வழி. அவர்களிடம் டீம் மேனேஜர் (இதே நிறுவனம் அணிகளுக்காகச் செய்த மென்பொருள்) இருந்தால் நேராக ஜிப் கோப்பு வரும். இல்லாதவர்களுக்காக அதன் லைட் பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. நீங்கள் ஈவென்ட் கோப்பை அனுப்புங்கள், அவர்கள் அதில் நிரப்பித் திருப்பி அனுப்புவார்கள். வாட்ஸாப்பில் வருகிற படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்ய ஒப்புக்கொண்டால் இரவு முழுக்க அதே வேலைதான்.

தட்டச்சு செய்தே ஆக வேண்டும் என்றால் ஒரு சௌகரியம் இருக்கிறது: நேரத்தைப் புள்ளி, முக்காற்புள்ளி இல்லாமல் 10523 என்று அடித்தால் 1:05.23 என்று அதுவே எடுத்துக்கொள்ளும். நேரமே இல்லாதவர்களுக்கு என்டி, அதாவது 'நோ டைம்'. அவர்கள் மெதுவான ஹீட்டுக்குப் போவார்கள்.

சிக்கல் பெயரில். மென்பொருள் எதிர்பார்ப்பது குடும்பப் பெயர், முதற்பெயர் என்ற அமெரிக்க அமைப்பு. நாம் வைத்திருப்பது தலைப்பெழுத்து. ஓர் அணி 'எஸ்' என்பதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு அனுப்பும். இன்னோர் அணி 'கார்த்திக்' என்பதை அங்கே போடும். மூன்றாவது அணி இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்துவிடும். பட்டியல் குடும்பப் பெயர்ப்படிதான் அகரவரிசையாகும் என்பதால் 'எஸ்' என்ற ஒரே எழுத்தின் கீழ் முப்பது பேர் வரிசையாக நிற்பார்கள். காலையில் 'என் பிள்ளை பேரைக் காணோமே' என்று வருகிற அப்பாவுக்குத் தேடித்தருவது லேசான வேலை இல்லை. இதைவிட மோசமானது ஒரே பிள்ளை இரண்டு விதமாகப் பதிவாகி இரண்டு பேராக இருப்பது. ஓர் ஈவென்ட் ஒரு பதிவில், இன்னோர் ஈவென்ட் மறு பதிவில் என்று புள்ளிகள் இரண்டாகப் பிரிந்து, தனிநபர் சாம்பியன் பட்டம் வேறொருவருக்குப் போய்விடும். பதிவு எண் இல்லாத இடத்தில் பெயரும் பிறந்த தேதியும்தான் அடையாளம். ஆகவே என்ட்ரி படிவத்திலேயே 'தலைப்பெழுத்து இந்தக் கட்டத்தில், பெயர் அந்தக் கட்டத்தில்' என்று மாதிரி காட்டிவிடுங்கள். எல்லா அணிகளும் உள்ளே வந்த பிறகு பட்டியலைப் பிறந்த தேதி பார்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரே தேதி, ஒரே அணி, ஏறக்குறைய ஒரே பெயர் என்றால் இரட்டைப் பதிவுதான். அல்லது நிஜமாகவே இரட்டைப் பிள்ளைகள்.

சீடிங்: இதன் பலமான இடம்

நேரப்படி ஆட்களை ஹீட்டிலும் லேனிலும் அடுக்குவதுதான் சீடிங். கையால் அடுக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். எட்டு லேன் குளம், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல், 41 பேர் என்று வைத்துக்கொள்வோம். எட்டெட்டாகப் பிரித்தால் ஐந்து ஹீட்டில் நாற்பது பேர், ஆறாவது ஹீட்டில் ஒரே ஒருவர். விதிப்படி முதற்சுற்றில் எந்த ஹீட்டுக்கும் மூன்று பேருக்குக் குறையாமல் அடுக்க வேண்டும். எனவே முதல் ஹீட்டில் 3, இரண்டாவதில் 6, மிச்ச நான்கிலும் எட்டெட்டு. பிறகு யாராவது வராமல் போய் எண்ணிக்கை குறைந்தால் அது வேறு விஷயம்; அடுக்கும்போது குறையக் கூடாது. இதை மென்பொருள் ஒரு சொடுக்கில் செய்துவிடும்.

பைனல் உள்ள ஈவென்ட் என்றால் கடைசி மூன்று ஹீட்டுகளை வட்டமுறையில் அடுக்க வேண்டும். மிக வேகமானவர் ஆறாவது ஹீட்டில் நான்காம் லேன், இரண்டாமவர் ஐந்தாவது ஹீட்டில் நான்காம் லேன், மூன்றாமவர் நான்காவது ஹீட்டில் நான்காம் லேன், நான்காமவர் மறுபடி ஆறாவது ஹீட்டில் ஐந்தாம் லேன் என்று முதல் 24 பேரும் மூன்று ஹீட்டிலும் பரவுவார்கள். 25-லிருந்து 32 வரை மூன்றாவது ஹீட், 33-லிருந்து 38 இரண்டாவது, கடைசி மூன்று பேர் முதல் ஹீட். 400 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் கடைசி இரண்டு ஹீட் மட்டும் வட்டம். ஒரு ஹீட்டுக்குள் லேன் வரிசை 4, 5, 3, 6, 2, 7, 1, 8. ஆறு லேன் குளத்தில் 3, 4, 2, 5, 1, 6.

டைம்டு பைனல் என்றால் வட்டம் கிடையாது. மெதுவிலிருந்து வேகத்துக்கு நேராக அடுக்கும், முதல் எட்டுப் பேரும் கடைசி ஹீட்டிலேயே மோதுவார்கள். இப்போது மேலே சொன்ன அந்தத் தேர்வுக்கு வாருங்கள். நேரப்படி நேரடியாகப் பதக்கம் தருகிற ஈவென்ட்டைத் தவறுதலாக 'ஹீட்ஸ்-பைனல்' என்று விட்டுவிட்டால், தங்கமும் வெள்ளியும் வெவ்வேறு ஹீட்டில் நீந்தும். பக்கத்தில் ஆள் இல்லாமல் நீந்தி ஒருவர் தோற்பார். ஹீட் ஷீட் அச்சாகும் முன் ஒவ்வொரு ஈவென்ட்டின் கடைசி மூன்று ஹீட்டை மட்டும் கண்ணால் பாருங்கள். பத்து நிமிட வேலை.

பத்து லேன் குளத்தில் லேன்கள் 0-விலிருந்து 9 வரை எண்ணப்படும், வேகமானவர் நான்கில். செட்-அப்பில் 1-லிருந்து 10 என்று விட்டுவைத்தால் நடு லேன் மாறிவிடும், கூடவே டைமிங் கன்சோலின் (பேட் நேரங்களை வாங்கிக்கொள்ளும் கருவி) லேன் எண்ணும் கணினியின் லேன் எண்ணும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. முந்தின நாளே ஒரு பொய் ஹீட் ஓட்டி, 0-ஆம் லேன் பேடைத் தட்டினால் திரையில் எந்த வரியில் நேரம் விழுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

செஷன் நேரக் கணக்கும் இதே பகுதியைச் சார்ந்தது. ஹீட்டுக்கு ஹீட் எத்தனை விநாடி இடைவெளி, பேக்ஸ்ட்ரோக் என்றால் தண்ணீரில் இறங்குவதற்குக் கூடுதலாக எத்தனை என்று கொடுத்தால், ஒவ்வொரு ஈவென்ட்டும் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று பட்டியல் தரும். 30 விநாடி இடைவெளி என்று எழுதிவிட்டு நிஜத்தில் 50 விநாடி எடுத்துக்கொள்கிற மீட்தான் அதிகம். 120 ஹீட் உள்ள செஷனில் அந்த 20 விநாடி 40 நிமிடமாகிவிடும். மதியச் சாப்பாடு தள்ளிப்போகும், சிறு பிள்ளைகள் வெயிலில் வாடும். முந்தின ஹீட் தண்ணீரில் சுவரோரம் நிற்கும்போதே அடுத்த ஹீட்டைத் தலைக்கு மேலே குதிக்கவிடும் முறையால் பறிபோன நேரத்தில் கொஞ்சத்தை மீட்கலாம். அதற்குத் தண்ணீரில் இருப்பவர் பேடை விட்டு விலகி நிற்க வேண்டும். அமெரிக்காவில் 12 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு செஷன் நான்கு மணி நேரத்துக்குள் முடியும்படி திட்டமிட வேண்டும் என்ற விதியே இருக்கிறது. நாமும் அந்த அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். ஒன்று: என்டி என்ட்ரிகள் நிறைய இருந்தால் இந்தப் பட்டியலை நம்பாதீர்கள்.

டைமிங் இணைப்பு: உயிர்நிலை

அடிப்படை மென்பொருளை வாங்கினால் டைமிங் இணைப்பு தானாக வராது. தனி விருப்பமாக வாங்க வேண்டும். ஸ்கோர்போர்டு இணைப்பும் அப்படியே. இதைப் பார்க்காமல் விலையை ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். கொலராடோ டைம் சிஸ்டம்ஸ், டாக்ட்ரானிக்ஸ், ஒமேகா என்று பரவலாகப் புழங்குகிற கன்சோல்களோடு பேசும்.

பேசுவது பெரும்பாலும் சீரியல் கேபிள் வழியாக. இன்றைய மடிக்கணினிகளில் சீரியல் துளை இல்லாததால் யுஎஸ்பி மாற்றி போட வேண்டும். இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மாற்றியை வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் விண்டோஸ் அதற்கு வேறு காம் போர்ட் எண் கொடுத்துவிடும். மென்பொருள் பழைய எண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். எந்தத் துளையில் சோதித்தீர்களோ அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். மடிக்கணினி தூங்கப் போவதையும் நிறுத்திவையுங்கள்.

போட்டி தொடங்கும் முன் ஈவென்ட் பட்டியலைக் கணினியிலிருந்து கன்சோலுக்கு இறக்க வேண்டும். எந்த ஈவென்ட்டில் எத்தனை ஹீட், எத்தனை நீளம் என்று அப்போதுதான் அதற்குத் தெரியும். ஹீட் முடிந்ததும் ரன் திரையில் நேரங்களை இழுத்தால் பேட் நேரம், பட்டன் நேரம் (லேன் ஓரம் நிற்கும் டைமர்கள் கையால் அழுத்துவது), இடைநேரங்கள் எல்லாம் லேன்வாரியாக விழும். கன்சோலில் உட்கார்ந்திருப்பவர் அடுத்த ஹீட்டுக்கு மாற்ற மறந்துவிட்டார் என்று வையுங்கள். ஹீட் 7-இன் நேரம் ஹீட் 6 என்ற பெயரில் சேமிப்பாகியிருக்கும். பதற வேண்டாம். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் கன்சோல் ஒரு ரேஸ் எண் கொடுத்திருக்கும்; அந்த எண்ணைச் சொல்லி இழுத்தால் சரியான நேரம் வந்துவிடும். இதற்காகத்தான் மேசையில் ஒருவர் ஹீட் ஷீட்டின் ஓரத்தில் ஒவ்வொரு ஹீட்டுக்கும் ரேஸ் எண்ணைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வர வேண்டும் என்று சொல்வது. ஹீட் நடுவில் ஃபால்ஸ் ஸ்டார்ட் வந்து மறுபடி தொடங்கினால் எண் ஒன்று கூடிவிடும். அந்தப் பென்சில் குறிப்பு இல்லையென்றால் அதற்குப் பிறகு எல்லாமே ஒன்று ஒன்றாக நழுவும்.

பேடும் பட்டனும் முரண்படும்போது என்ன செய்கிறது என்பதுதான் உண்மையான பரீட்சை. டச் பேட் என்பது 2.4 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் உயரம். தண்ணீருக்கு மேலே 30 சென்டிமீட்டர், கீழே 60. அலையால் இயங்கக் கூடாது, கை லேசாகப் பட்டாலே இயங்க வேண்டும். நடைமுறையில் இரண்டு விதமாகத் தவறும். பேக்ஸ்ட்ரோக் முடிவில் கை பேடுக்கு மேலே சுவர் விளிம்பில் பட்டு, உடம்பு மிதந்து வந்து பிறகு பேடில் மோதினால் நேரம் அதிகமாக விழும். முந்தின ஹீட்டின் ஆள் தண்ணீரில் சாய்ந்துகொண்டிருந்தாலோ, ரிலேயில் அடுத்தவர் கால் தொங்கினாலோ நேரம் முன்கூட்டியே விழும்.

ஓர் உதாரணம். நான்காம் லேனில் பேட் 58.91 காட்டுகிறது. அதே லேனின் மூன்று பட்டன்கள் 58.10, 58.14, 58.21. மூன்றும் வேறு என்றால் நடுவில் உள்ளதை எடுக்க வேண்டும்: 58.14. பேடுக்கும் இதற்கும் 0.77 விநாடி வித்தியாசம். 0.30-க்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது அமெரிக்க மேசைகளின் அளவுகோல். மென்பொருளும் அந்த லேனை அடையாளம் காட்டும். ஆறாம் லேனின் பேட் நேரம் 58.47. பேடை நம்பினால் ஆறு முதல், நான்கு இரண்டாவது. முடிவு நடுவரின் தாளில் நான்குதான் முதலில் தொட்டது என்று இருக்கிறது. ஆக நான்காம் லேனின் பேட் தாமதம். இப்போது மற்ற லேன்களைப் பாருங்கள்: அங்கெல்லாம் பட்டன் நேரம் பேட் நேரத்தைவிடச் சராசரியாக 0.06 அதிகம், அதாவது பட்டன்காரர்கள் கொஞ்சம் தாமதமாக அழுத்துகிறார்கள். 58.14-இலிருந்து 0.06 கழித்தால் 58.08. இந்தக் கணக்கை ரன் திரையில் ஒரு பொத்தான் போட்டுக்காட்டும். ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பது ரெஃபரியின் முடிவு. திருத்தம் செய்வதா, பட்டன் நேரத்தை அப்படியே எடுப்பதா என்பது எந்த விதிப்புத்தகத்தில் நடத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மென்பொருள் முடிவு செய்தது என்று மேசையில் யாரும் சொல்லக் கூடாது.

பட்டன் அழுத்த ஆள் போடும்போது எட்டு லேனுக்கும் தன்னார்வலர்கள் வருவார்கள், காலை பதினொரு மணிக்கு மேல் பாதிப் பேர் காணாமல் போவார்கள். ஒரு லேனுக்கு இரண்டு ஸ்டாப்வாட்ச்தான் என்றால் இரண்டின் சராசரிதான் நேரம். ஸ்டாப்வாட்ச் நேரம் பேட் நேரத்தைவிடக் குறைவாகவே வரும், ஏனென்றால் ஸ்டார்ட்டர் விளக்கைப் பார்த்து விரல் அழுத்துவதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடுகிறது. ஒரே ஈவென்ட்டில் சிலருக்குப் பேட் நேரமும் சிலருக்குக் கடிகார நேரமும் கலந்து தரவரிசை போடும்போது இதை மறக்கக் கூடாது.

ரிசல்ட் நூறில் ஒரு பங்கு விநாடியோடு நின்றுவிடும். 'ஆயிரத்தில் ஒன்று பார்த்து ஜெயித்தவரைச் சொல்லுங்கள்' என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னார் லார்சன் 4:31.981, அமெரிக்காவின் டிம் மெக்கீ 4:31.983. ஆயிரத்தில் இரண்டு பங்கில் தங்கம் போனது. அதற்குப் பிறகு விதி மாறியது. காரணம் எளிது: விநாடிக்கு இரண்டு மீட்டர் போகிறவருக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது ஆயிரத்தில் ஐந்து பங்கு விநாடி. எந்தக் கொத்தனாரும் எட்டு லேனையும் அதைவிடத் துல்லியமாகக் கட்ட முடியாது. ஆகவே நூறில் ஒன்று வரை சமம் என்றால் சமம்தான், இருவருக்கும் பதக்கம். எட்டாம் இடத்தில் சமம் என்றால் மட்டும் பைனலுக்கு யார் என்று தீர்மானிக்க மறுபடி நீந்தவிட வேண்டும்.

பேட்கள் ஒரு பக்கம் மட்டும் இருக்கிற 50 மீட்டர் குளங்களில் ஒரு கூடுதல் வேலை உண்டு. 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டிய சென்னை வேளச்சேரி வளாகம் போன்ற 50 மீட்டர் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த 50 மீட்டர் குளத்திலும் 50 மீட்டர் ஈவென்ட் என்றால் ஒரே நீளம்தான். முடிவு பேட் இருக்கிற பக்கம் வர வேண்டும் என்றால் ஸ்டார்ட் எதிர்ப்பக்கத்தில். ஸ்டார்ட்டரின் ஒலிபெருக்கியும் விளக்கும் அங்கே போக வேண்டும், டைமர்கள் இங்கேயே நிற்க வேண்டும். அந்தக் கரையில் நின்று பார்த்தால் லேன் எண்கள் தலைகீழ். முதல் லேன் இடது கைப்பக்கம். அழைப்பு மேசைக்காரர் பழக்கதோஷத்தில் வலதிலிருந்து நிறுத்திவிட்டால் எட்டுப் பேரும் மாறி நீந்துவார்கள். அப்போதும் ரன் திரையில் லேன்களை மாற்றியமைத்து நேரங்களைக் காப்பாற்றலாம், அதுவும் யார் எந்த லேனில் நீந்தினார் என்று எழுதிவைத்த தாள் இருந்தால்.

விலகல், டிக்யூ, பைனல்

வராதவர், தகுதியிழந்தவர் (டிக்யூ), விலகியவர் என்று மூன்று குறி தனித்தனியாக இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் அபராத விதி உள்ள மீட்டில் வம்பு. டிக்யூவுக்கு ஸ்ட்ரோக்வாரியாகக் காரணக் குறியீட்டுப் பட்டியல் உண்டு, ரிசல்ட் தாளிலேயே காரணம் அச்சாகும். பெற்றோர் கேள்வி பாதியாகக் குறையும். ஆனால் ரெஃபரி கையெழுத்திட்ட சீட்டு மேசைக்கு வரும்வரை எதையும் உள்ளே போடாதீர்கள்.

பைனலிலிருந்து விலக முதற்சுற்றுக்குப் பின் 30 நிமிடம். அதற்குள் சொன்னவர்களை நீக்கிவிட்டு அடுக்கினால் மாற்றாட்கள் தாமாக மேலே வருவார்கள். அவசரப்பட்டு முன்பே அடுக்கிவிட்டால் மறுபடி அடுக்கும்போது லேன்கள் மாறும், ஒட்டிய தாளும் கையில் உள்ள தாளும் வேறாகும். ஒட்டுகிற ஒவ்வொரு தாளிலும் ஒட்டிய மணியை எழுதுங்கள்.

புள்ளிக் கணக்கில் ஓர் எச்சரிக்கை: ஒவ்வொரு ஈவென்ட் முடிந்ததும் ஸ்கோர் செய்யும் பொத்தானை அழுத்த வேண்டும். டிக்யூ ஒன்று தாமதமாக வந்தால் திருத்திவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். மறந்தால் அணிப் பட்டியல் பழையபடியே நிற்கும், கோப்பை தவறான கைக்குப் போகும்.

எரிச்சலூட்டுபவை

ஒரே தரவுத்தளத்தை இரண்டு மூன்று கணினிகளில் திறக்கலாம். ஒன்றில் ரன், ஒன்றில் ரிப்போர்ட். நல்ல வசதிதான், கேபிளில் மட்டும். அக்செஸ் கோப்பு வைஃபை அறுபடுவதைத் தாங்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு போனால் கோப்பு சிதையும். நூறு ரூபாய் கேபிளை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். மேசைக்கு யுபிஎஸ் கட்டாயம். பல கன்சோல்களுக்கு உள்ளேயே பேட்டரி உண்டு, பிரிண்டருக்குக் கிடையாது.

புதிய பதிப்பில் திறந்த தரவுத்தளம் பழைய பதிப்பில் திறக்காது. மீட்டுக்கு முந்தின வாரம் பதிப்பை ஏற்றாதீர்கள்.

மீட் மொபைல் செயலிக்கு இங்கிருந்தே ரிசல்ட் ஏற்றலாம். பார்க்கிறவர்கள் சந்தா கட்ட வேண்டும் என்பதால் முணுமுணுப்பு உண்டு. அதைவிட, சரிபார்க்காத நேரம் ஏறிவிட்டால் திருத்துவதற்குள் அதன் ஸ்கிரீன்ஷாட் குடும்ப வாட்ஸாப் குழு முழுக்கச் சுற்றிவிடும். ஈவென்ட் முழுக்க முடிந்து, டிக்யூ சீட்டுகள் வந்த பிறகு ஏற்றுங்கள். கேலரி பொறுக்கட்டும்.

மாற்று வேண்டும் என்பவர்களுக்கு சுவிட்சர்லாந்தின் ஸ்ப்ளாஷ் மீட் மேனேஜர் இருக்கிறது. அது லெனெக்ஸ் என்ற கோப்பு வடிவத்தில் பேசும், பல மொழிகளில் ஓடும், ஐரோப்பாவில் இதுதான் பரவலாகப் புழங்குகிறது. எதை வாங்குவது என்பதை உங்கள் சங்கம் எந்தக் கோப்பைக் கேட்கிறது என்பது முடிவு செய்யட்டும். மாநிலச் சங்கம் லெனெக்ஸ் கேட்கும்போது ஹை-டெக்கில் நடத்திவிட்டு இரவில் மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. பேட் வாங்கக் காசில்லாத கிளப்புகள் கொலராடோவின் டால்ஃபின் போன்ற கம்பியில்லா ஸ்டாப்வாட்ச்களோடு மீட் மேனேஜரை இணைக்கலாம். டைமர் அழுத்தும் நேரம் தாளில் எழுதாமலே கணினிக்கு வரும். எட்டு லேன், லேனுக்கு இரண்டு என்று 16 கடிகாரம் போதும். நனைந்த தாளில் 7-ஐ 1 என்று படிக்கிற கஷ்டம் அதோடு போகும்.

கடைசி ஹீட் முடிந்ததும் பேக்கப் எடுப்பதைக் கிளம்பும் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு செஷன் முடிவிலும் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. அணிகளுக்கு ரிசல்ட் கோப்பை அன்றே அனுப்புங்கள். கன்சோலின் அச்சுச்சுருளையும் டைமர் தாள்களையும் ஈவென்ட் வரிசையில் ஒரே உறையில் போட்டு மேலே தேதி எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து மூன்றாம் லேன் பெண்ணின் தகுதி நேரம் குறித்துக் கடிதம் வரும்போது திறக்க வேண்டியது அந்த உறையைத்தான்.